ஏழாம் மாதத்து வளையல்கள்

முதல் வளையலை ஏற்றியபோதே கலாவதியின் மணிக்கட்டைச் சுற்றி ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியது. பக்கத்து வீட்டுக் காமாட்சி அழுத்தவே இல்லை. சும்மா தள்ளினாள்.

மத்தியானம் மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. வெள்ளக்கடை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டுக்குள், காபிப் பழத்தோல் புளித்த வாடையும் ஊதுபத்திப் புகையும் ஈரக் கம்பளியின் நாற்றமும் ஒன்றாகக் கலந்து, சுற்றி நின்ற ஒன்பது பெண்களின் மூச்சோடு அவள் முகத்தில் வந்து ஒட்டியது. அந்த முகம் தட்டுப்போல உருண்டு வீங்கியிருந்தது. தாடையில் முளைத்த முடியின் மேல் சந்தனம் திட்டுத்திட்டாக நின்றது.

"முடி மொளச்சா ஆம்பளப் புள்ளதானுங்க," என்றாள் காமாட்சி. "மீசையோடயே பொறப்பான் பாருங்க."

சிரித்தார்கள்.

பதினோரு வருடம் பிள்ளையில்லாதவளுக்கு ஏழு மாதமாக விலக்கு வரவில்லை. வயிறு பெருத்தது. நகத்தால் கீறியதுபோல ஊதாக் கோடுகள் விழுந்தன. அதைப் பார்த்துத்தான் மாமியார் மாதம்மாள் முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்தாள். மகனுக்கு இரண்டாம் தாரமாக மாரமங்கலத்தில் பேசிவைத்திருந்த பெண்ணை வேண்டாமென்று சொல்லியனுப்பினாள்.

போன மாதம் சேலத்தில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கர்ப்பப்பை காலி. கிட்னிக்கு மேலே அட்ரீனல் சுரப்பியில் கட்டி. அது ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கிறது. வீங்கிய முகம், முடி, கோடு, நின்றுபோன விலக்கு, தொட்டாலே கன்றும் மெல்லிய தோல் எல்லாம் அதன் வேலை. ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிர் போய்விடும்.

இருபது கொண்டை ஊசி வளைவிலும் யோசித்துக்கொண்டே மலையேறினாள். வீட்டில் மாமியார் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

"டாக்டரு என்ன சொன்னாரு கண்ணு?"

"நல்லா இருக்குதுன்னாருங்க அத்தை."

இப்போது வளையல்கள் முழங்கை வரை ஏறிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஊதா வட்டம்.

"எந்திரி அம்மிணி, ஆரத்தி எடுக்கோணும்," என்றாள் மாதம்மாள்.

கலாவதி எழப் பார்த்தாள். தொடை சொன்னபடி கேட்கவில்லை. காமாட்சி முழங்கையைப் பிடித்து இழுத்தாள். வளையல்கள் நழுவின. தோலும் நழுவியது. நனைந்த காகிதம் போல. ரத்தம் மணையில் சொட்டியது.

யாரும் கையைப் பார்க்கவில்லை.

மாதம்மாளின் உள்ளங்கை கலாவதியின் வயிற்றில் இருந்தது.

"ஒதைக்கறான்."

"அத்தை, உள்ள ஒண்ணுமே இல்லீங்க. டாக்டரு அப்பவே சொல்லிட்டாருங்க."

"சும்மா இரு சாமி. நொம்ப வேகமா ஒதைக்கறான்."

காமாட்சியும் கை வைத்தாள். "ஆமாங்க!" பிறகு இன்னொருத்தி. பிறகு எல்லோரும்.

ஒன்பது கைகள்.

துள்ளின. ஒரே நேரத்தில். அடங்கின. மறுபடி துள்ளின.

கீழே, அவளுக்குள், எதுவும் அசையவில்லை.