சன்னலோரக் கட்டில்

குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு புஷ்பவல்லி திரும்பி வந்தபோது கட்டில் சன்னலோரம் இருந்தது.

அவள் போட்டிருந்தது அடுப்படிச் சுவரை ஒட்டி. மழைச் சாரலும் ஈரக் காற்றும் வயிற்றுப் புண்ணில் படாமல் இருக்கட்டும் என்று, பக்கத்து வீட்டு நல்லம்மாளும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க இழுத்துப் போட்ட இரும்புக் கட்டில் அது. இப்போது அது தரையைக் கீறிக்கொண்டு வந்த கோடுகள் சுவரிலிருந்து சன்னல் வரை வெள்ளையாக நீண்டு கிடந்தன. வீட்டில் வேலாயுதத்தைத் தவிர வேறு யாரும் இல்லை. ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்ட உடம்புதான். ஆனால் ஈரலில் கட்டி கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் விலாவுக்குக் கீழே கீறிச் சீழ் எடுத்த பிறகு, தலையணையில் சாய்ந்து உட்காரவே அவனுக்கு ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"யாருங்க கட்டிலை இழுத்தது?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். தண்டவாளத்துக்கு அப்பால் செங்கல் சூளைகளின் மேல் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"தண்ணி குடும்மா," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை 'வல்லி' என்றுதான் கூப்பிடுவான். அம்மா என்றதே இல்லை.

கட்டுப் பிரிக்க டிரஸர் கனகசபை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் தினமும் எட்டிப் பார்ப்பவர். வழக்கமாக வாசலிலேயே, "என்ன ஃபயர்மேன், எஞ்சின் எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டு நுழைவார். இன்று உள்ளே கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தார். குனிந்து, கட்டுத்துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். அடியில் இருந்த பஞ்சு கறுத்து நனைந்திருந்தது. சாக்கடை உடைந்ததுபோல் ஒரு நாற்றம் குபீரென்று கிளம்பி அந்தச் சின்ன அறையை நிறைத்தது.

அவளை வாசல் பக்கம் அழைத்துப் போனார்.

"பிள்ளை, உள்ளதைச் சொல்லும். வீட்டை வந்த பிறகு வேற ஆரும் இவருக்குக் கத்தி வைச்சதோ?"

"ஐயோ, இல்லைங்க ஐயா!"

"ஈரல் சீழ் செங்கல் கரைச்ச தண்ணி மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியிலை நீரும் பாத்தனீர்தானே? இது அதில்லை. இது குடல் தையல் விட்டுப்போனவன்ர நாத்தம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இவரின்ர குடலிலை கத்தி படவே இல்லையே."

புஷ்பவல்லி உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போய் மோட்டார் பிடிச்சுக்கொண்டு வாறன். இண்டைக்கே திரும்பக் கொண்டுபோனால் உயிர் தப்பும். அதுவரைக்கும் வாயிலை ஒரு சொட்டுத் தண்ணியும் விடக்கூடாது. கெஞ்சினாலும் விடாதையும்."

சைக்கிள் மணி மழைக்குள் தேய்ந்து மறைந்தது. அவள் கதவைத் தாழிட்டு, அரிக்கேன் விளக்கை ஏற்றினாள்.

குடல் தையல் விட்டுப்போனவன். அப்படி ஒருவனை அவளுக்குத் தெரியும்.

வார்டில் வேலாயுதத்துக்குச் சன்னலோரக் கட்டில்தான் கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்காமல் அவன் பிதற்றிக்கொண்டு கிடந்த நாளில், வெள்ளித் தகட்டில் அடித்த வயிற்று உரு ஒன்றை வாங்கி, குணமானதும் காணிக்கையாக வைப்பதாக நேர்ந்துகொண்டு, அவள் அம்மன் கோயிலுக்குப் போனாள். அர்ச்சனைத் தட்டை வாங்கிய பூசாரி, யார் பேருக்கு என்று கேட்டார். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். எப்போதும் கூட வரும் நல்லம்மாள்தான் அவளுக்காகச் சொல்லுவாள். அன்று அவள் வரவில்லை. சாகக் கிடக்கிறவனின் பேரை எப்படிச் சொல்வது?

"ஆஸ்பத்திரியில சன்னலோரக் கட்டில்ல இருக்காரு சாமி, அவரு. அவரு என் வீடு வந்து சேரணும்."

பூசாரி சிரித்தார். "விலாசம் சொன்னா போதும்லா. அம்மா நேர்லயே போய்ப் பார்த்துக்குவா."

சாயங்காலம் விபூதியோடு வார்டுக்குப் போனபோது வேலாயுதம் கதவோரக் கட்டிலில் இருந்தான். காலையிலேயே மாற்றிவிட்டார்களாம். சன்னலோரம் கிடந்தவன் அய்யாவு. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆள். குடல் முறுக்கிக்கொண்டதில் ஒரு முழம் வெட்டியெடுத்துத் தைத்திருந்தார்கள். பார்க்க வருவதற்கு அவனுக்கு நாதியில்லை. தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பதால், வருகிற போகிற பெண்களையெல்லாம் பார்த்து, "தண்ணி குடும்மா, தண்ணி குடும்மா" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சன்னலோரக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கதவோரக் கட்டிலில் வேலாயுதம் காய்ச்சல் விட்டுக் கண் திறந்து கிடந்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செத்தவனை அவள் நினைக்கக்கூட இல்லை. நேர்த்தி பலித்துவிட்டது என்று அன்றைக்கே போய் வெள்ளி வயிற்றை அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்தாள்.

மழை தகரக் கூரையில் இறங்கியது. கிள்ளான் ரயில் கடந்து போன அதிர்வில் சுவரில் மாட்டியிருந்த சட்டி மெல்ல ஆடி, ஆடி, நின்றது. மண்ணெண்ணெய் வாசனையை அந்த நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி குடும்மா."

"டிரஸர் ஐயா கூடாதுன்னாருங்க."

"அங்கேயும் அதேதான் சொன்னாங்க."

அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். வேலாயுதத்தின் முகம். வேலாயுதத்தின் நெற்றித் தழும்பு. எஞ்சின் நெருப்புச் சுட்டது. கண்கள் மட்டும் அவளைப் பழக்கமில்லாத வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

"என்னங்க... நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்னம்மா?" அவன் புன்னகைத்தான். "எனக்குன்னு சாமிகிட்ட கேக்க ஒருத்தரும் இல்லை. நீதான் கேட்டே. சன்னலோரக் கட்டில்காரன் வீடு வந்து சேரணும்னு."

கோயிலில் சொன்னதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வேலாயுதத்திடமும்.

அவள் விளக்கைத் தாழ்த்தினாள். கட்டிலின் நிழல் சுவரில் ஏறி இறங்கியது. அவன் போர்வையை விலக்கினான். ஒரு காலைத் தரையில் வைத்தான். மற்றதையும் வைத்தான். கட்டு அவிழ்ந்து தொங்கியது. அதிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டியது. சொட்டு. சொட்டு.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர்.

விலாசத்தைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டாள். பேரைச் சொல்லியிருக்க வேண்டும். வேலாயுதம் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான். "கூரையில தீ பிடிச்சாக்கூட 'ஏங்க'ன்னுதான் கத்துவே. ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு வல்லி, எந்த ஊர்ல இருந்தாலும் எஞ்சினை விட்டுட்டு வந்து நிப்பேன்." அப்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இனி எந்த ஆயுசைக் காப்பாற்ற?

அவன் எழுந்து நின்றான். நீட்டிய கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று.

"வேலாயுதம்!"

வாழ்க்கையில் முதல் தடவையாக. தொண்டை கிழியக் கத்தினாள்.

"வேலாயுதம்!"

எதிரே நின்றவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. யாரோ ஒருவனின் பேரைக் கேட்டதுபோல் நின்றான்.

மழை ஓய்ந்தது. சட்டென்று. கூரைத் தண்ணீர் மட்டும் ஒழுகியது.

வெளியே, படியில், ஒரு காலடி. இழுத்து இழுத்து. இன்னொன்று.

கதவை ஒரு கை தடவியது. தாழ்ப்பாளைத் தேடுவதுபோல். மேலிருந்து கீழே.

"வல்லி..." அவளுக்குத் தெரிந்த குரல். கரகரத்து, மூச்சு வாங்கி. "கூப்பிட்டியா? வந்துட்டேன்."

மணிக்கட்டில் பிடி இறுகியது.

"திறக்காதேம்மா," என்றான் அவளருகே நின்றவன், கெஞ்சலாக. "தண்ணி குடு."

கதவு மெல்ல அதிர்ந்தது. அவள் கீழே பார்த்தாள். கதவுக்கு அடியில் ஈரம் நுழைந்து, வெள்ளைக் கோடுகளைத் தாண்டி, விளக்கு வெளிச்சத்துக்குள் ஊர்ந்து வந்தது. மழைத் தண்ணீர் அல்ல. செங்கல் கரைத்த நிறம்.

அது அவள் கால் விரலைத் தொட்டது. சூடாக இருந்தது.