விளிம்பில் ஒரு மஞ்சள் கறை

"சாயங்காலத்துக்குள்ள என் கொழுந்தன் வீட்டைவிட்டுப் போயாகணும்னு என் வீட்டுக்காரர் சொல்லிட்டார். தப்பு கொழுந்தன் மேலதானான்னு எனக்குத் தெரியணும்," என்றாள் வந்த பெண்.

துப்பறிவாளர் அம்மாள் அவளைப் பேசவிட்டார். ஏசி ஓடும்போதெல்லாம் குழந்தையின் அறையில் சிகரெட் நெடி. குழந்தைக்கோ மூச்சிழுப்பு. கணவர் கல்யாணத்தோடு சிகரெட்டை விட்டவர். கொழுந்தன் போன வருஷம்தான் விட்டதாகச் சொல்கிறான், அண்ணன் நம்பவில்லை.

உதவியாளருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். கொழுந்தன்தான் என்று போகிற வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். வாசலில் கட்டிவைத்த பெட்டியைப் பார்த்ததும் அது உறுதியாகிவிட்டது.

எல்லா அறைகளுக்கும் காற்றை அனுப்பும் இயந்திரம் மாடிப்படிக்குக் கீழே, பூட்டிய சிறு அறையில் இருந்தது. கணவர் தன் சாவிக்கொத்தால் திறந்தார். உள்ளே அவருடைய ரம்பம், சுத்தியல், ஒரு முக்காலி.

"இதோட ஃபில்டர் வாங்கினது நான்தான்," என்றான் கொழுந்தன். "குழந்தைக்காகக் கடையிலேயே ரொம்ப நுணுக்கமானதாப் பாத்து வாங்கினேன்."

துப்பறிவாளர் அதை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு வீடு மாதக்கணக்கில் இழுத்த மூச்சு முழுவதும் அந்த மடிப்புகளில் படிந்திருந்தது. துணி நூல், தலைமுடி, குழந்தையின் பவுடர். பரப்பெங்கும் ஒரே சாம்பல் நிறம். ஒரு விளிம்பில் மட்டும் மஞ்சள் கறை. அங்கே அட்டைச் சட்டம் உள்வாங்கி வளைந்திருந்தது.

ஃபில்டரைத் திரும்பப் பொருத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, மெல்லிய காகிதத் துண்டொன்றை அந்த விளிம்பருகே நீட்டினார். யாரோ கையிலிருந்து பிடுங்கியதுபோல் அது இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. காற்றை அவசரம் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

"இந்த மிஷினோட விசிறி இவ்வளவு நெருக்கமான ஃபில்டருக்குத் தாங்காது," என்றார் துப்பறிவாளர். "இழுத்து இழுத்து அட்டை வளைஞ்சு, இந்த ரூம் காத்து இடுக்கு வழியா உள்ள போகுது. வீட்டுக்குள்ள யாராவது பிடிச்சிருந்தா அந்தப் புகை ஃபில்டர் முழுக்க இழுபட்டு நடுவுலயும் மஞ்சள் இருக்கணும். ஓரத்துல மட்டும்தான் இருக்கு. அப்போ பிடிச்சவர் இங்க உக்காந்துதான் பிடிச்சிருக்கார்."

அவர் முக்காலியைப் பார்த்தார். மற்றவர்கள் சாவிக்கொத்தைப் பார்த்தார்கள்.

"கதவைச் சாத்திக்கிட்டுத்தானே பிடிச்சேன்," என்றார் கணவர், கடைசியில். "குழந்தைக்கு ஆகாதுன்னுதான்."

இயந்திரத்துக்கு ஏற்ற நடுத்தர ரகம் எது என்று துப்பறிவாளர் சொல்ல, கொழுந்தன் போய் வாங்கிவந்து பொருத்தி, இடுக்கை நாடா ஒட்டி அடைத்தான். காகிதத் துண்டு இம்முறை அசையாமல் தொங்கியது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொழுந்தன் கையை நீட்டினான்.

"சாவியைக் குடுண்ணா."

அண்ணன் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு வாசலுக்குப் போய், தம்பியின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.