கூற்றுவனை முந்திய வரி

காலை ஒன்பது மணிக்கு, இறந்தவர் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

கக்கத்தில் அன்றைய நாளிதழ். அதன் ‘இதே நாளில்’ பகுதியில், மூன்றாண்டுகளுக்கு முன் அவர் காலமானதாக ஒரு வரி இருந்தது. மூத்த நாடக நடிகர்; குரலில் இடி இன்னும் குறையவில்லை.

“மூணு வருஷமா செத்துக் கிடக்கேன். ஒரு பயலும் சொல்லலையே?”

செய்தி அறை வெட்கித் தலைகுனிந்தது. விளம்பர மேலாளர் மட்டும் முகம் வெளுத்துச் சுவரோடு ஒட்டி நின்றார்.

நடிகரின் புகாரை விசாரிக்கக் காவல் ஆய்வாளர் உடன் வந்திருந்தார். அப்பகுதியை எழுதும் துணையாசிரியை, அவ்வரி தன்னுடையதன்று என்று சாதித்தாள். மாலைக்குள் உண்மை புலப்படாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“நேத்து பக்கத்தை முடிச்சிட்டுச் சாப்பிடப் போனேன் சார். கம்ப்யூட்டரை மூடலை.”

“அப்ப இங்க யார் இருந்தாங்க?”

“செய்தி ஆசிரியரும் விளம்பர மேலாளரும்தான்.”

செய்தி ஆசிரியருக்கும் நடிகருக்கும் பழைய பகை உண்டு.

“அவர் நாடகத்தைக் கிழிச்சு எழுதினேன். அவர் என் சட்டையைக் கிழிச்சார். அன்னிக்கே தீர்ந்துபோச்சு சார். அவருக்கு இரங்கல் கட்டுரைகூட நான்தான் எழுதி இந்தக் கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கேன்.”

“உயிரோட இருக்கறவருக்கா?”

“வயசான பிரபலங்களுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருவோம். செய்தி அறையில எல்லாருக்கும் தெரியும். தேதி மட்டும் காலியா இருக்கும்.”

விளம்பர மேலாளர் கைவிரித்தார். “எனக்கு அவரோட என்ன சார் விரோதம்? பேசினதுகூட இல்ல.”

பிற்பகல் மூன்று மணி. பகையைத் தேடித்தேடி ஆய்வாளர் அலுத்துப்போனார்.

“‘இதே நாளில்’ கட்டத்துல எள்ளு விழ இடமில்லையேம்மா. இந்த வரி எப்படிப் புகுந்தது?” என்று துணையாசிரியையிடம் எரிந்து விழுந்தார்.

காலையிலிருந்து அவள் கண் அந்த ஒரு வரியை விட்டு நகரவில்லை. இப்போதுதான் மற்றவற்றைப் படித்தாள்.

“பஞ்சாலைத் தீ விபத்து... நாற்பது பேர் செத்தாங்களே. நான் போட்ட அந்த வரியைக் காணோம் சார்.”

ஆய்வாளர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். பக்கம் நிறைய வண்ண விளம்பரம்: பஞ்சாலை அதிபருக்குப் பிறந்தநாள் வாழ்த்து.

ஐந்து மணிக்கு முதலாளியின் அறையில் அனைவரும் கூடினர்.

“புகுந்த வரியையே பார்த்தோம். போன வரியை யாரும் பார்க்கலை,” என்றார் ஆய்வாளர். “அதிபர் பிறந்ததும் ஆலை எரிஞ்சதும் ஒரே நாள். வாழ்த்துக்கு எதிர்ல அந்தச் சாவுகள் இருந்தா அதிபர் முகம் சுளிப்பார். அதனால அதை எடுத்தாச்சு. ஓட்டையை அடைக்க வேற வரி வேணும். கம்ப்யூட்டர்ல இரங்கல் கட்டுரை கிடைச்சது. அதைப் படிச்சிட்டு நிஜமாவே போயிட்டார்னு நம்பக்கூடியவர் செய்தி அறைக்கு வெளியாள்தான். காலையில இவரைப் பார்த்து மத்தவங்க வெட்கப்பட்டாங்க. மேலாளரே, நீங்க பயந்தீங்க.”

மேலாளர் தரையைப் பார்த்தார். “வருஷத்தை நானாத்தான் போட்டேன். யார் சரிபார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன்.”

“நான் பார்த்தேன்டா,” என்றார் நடிகர்.

முதலாளி பெருமூச்சு விட்டார். “உன் வேலைக்கு ஒண்ணுமில்லம்மா. ஐயாவுக்குத் திருத்தம் போட்டுரலாம்.”

“அந்தத் தீ விபத்து வரி சார்? நாளைக்குப் போடட்டுமா?”

“நாளைக்கு வேற தேதி ஆச்சே. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

துணையாசிரியை தன் இருக்கைக்குத் திரும்பினாள். அடுத்த ஆண்டும் அதிபரின் பிறந்தநாள் அதே தேதியில்தான் வரும்.