ஒரே சகனில் நான்கு பேர்

சபூராவுக்குப் பன்னிரண்டு வயது. சூலியா தெருவிலேயே பெரிய வீடு அவளுடையது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் பாதி அவள் வாப்பா ஷேக் அலாவுதீனுடையவை. அவ்வளவு பெரிய வீட்டில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு: ஆண்கள் உட்காரும் முன்கூடத்துக்கு வரக் கூடாது.

1926ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அந்தச் சட்டத்தை அவள் உடைத்தாள்.

முன்கூடத்தில் சமையல்காரி காமாரியாக்காவின் கையில் போலீஸ்காரர்கள் விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள்!

அதற்குச் சற்று முன், விருந்து முடிந்ததும் சீனி முகம்மது மாமா வெற்றிலை போட்டார். அப்படியே சாய்ந்தவர் எழவில்லை. விஷம் என்றார் டாக்டர். மாமாவோடு கூட்டாக மிளகுக்கடை வைத்திருந்த இப்ராஹிம் உடனே கத்தினார்: "சோத்துலதான்! நேத்து இவள அவரு திட்டினாரு. பழி வாங்கிட்டா!"

"யா அல்லாஹ்! நான் வைக்கலம்மா!" என்று காமாரியாக்கா அழுதாள்.

சபூராவுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். கொலைக்குத் தூக்குத்தான் தண்டனை என்று சபூராவுக்குத் தெரியும். ஜன்னல் மறைவை விட்டு முன்கூடத்துக்குள் ஓடினாள்.

"விலங்கக் கழட்டுங்க, துரை!" என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

"உள்ள போ, சபூரா!" வாப்பா அதட்டினார்.

"போக மாட்டேன், வாப்பா. அடிச்சாலும் போக மாட்டேன்."

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் தமிழ் படித்தவர். "இவள் அவருடைய தட்டில் விஷம் வைத்தாள், சின்னப் பெண்ணே," என்று சிரித்தார்.

"இங்க யாருக்குத் தனித் தட்டு? நாங்க சகன்ல சாப்பிடுவோம், துரை. ஒரு தாம்பாளத்தச் சுத்தி நாலு பேரு. வாப்பா, சீனி மாமா, இப்ராஹிம் மாமா, ரஹீம் சாச்சா. யாரு எந்தப் பக்கம் உக்காருவாங்கன்னு அடுப்படியில இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? நல்ல கறியாப் பாத்து ஒருத்தருக்கொருத்தர் தள்ளிவிடுவாங்க. சோத்துல விஷம்னா நாலு மையித்து விழுந்திருக்கணும்!"

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது.

"விஷம்னு டாக்டர் சொன்னதும் என்ன செஞ்சீங்க, வாப்பா?"

வாப்பாவின் முகம் சிவந்தது. உப்புத் தண்ணீர் குடித்துச் சாக்கடையோரம் வாந்தி எடுத்ததைத் துரை முன்னால் எப்படிச் சொல்வது? ரஹீம் சாச்சா இன்னும் அங்கேதான் ஓங்கரித்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் மறைவுலேர்ந்து எல்லாத்தயும் பாத்தேன். இப்ராஹிம் மாமா மட்டும் ஓடல. சோத்துல விஷம்னு கத்திட்டு, அதே சகன்ல சாப்பிட்டவரு, நிம்மதியா தேத்தண்ணி குடிச்சாரு. சோறு சுத்தம்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும், மாமா?"

இப்ராஹிம் கோப்பையைக் கீழே வைத்தார். "பொட்டப்புள்ள பேச்சக் கேட்டா..."

"சீனி மாமாவுக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தது யாரு?"

வாப்பா மெதுவாகத் திரும்பினார். "நீதானே மடிச்சே, இப்ராஹிம்?"

இப்ராஹிம் வாசலுக்குப் பாய்ந்தார். அப்போதுதான் உள்ளே வந்த ரஹீம் சாச்சாமேல் மோதி, இருவரும் உருண்டார்கள். இப்ராஹிமின் மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பி விழுந்தது. மிளகுக்கடை முழுவதும் தனக்கே வேண்டும் என்று செய்த காரியம்!

காமாரியாக்காவின் விலங்கைக் கழற்றி இப்ராஹிமுக்கு மாட்டினார்கள்.

"முன்கூடத்துக்கு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" என்றார் வாப்பா. குரலில் பழைய அதட்டல் இல்லை.

"இனியும் வருவேன், வாப்பா."

சபூரா காமாரியாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, முன்கூடத்தின் நடுவிலேயே நடந்து உள்ளே போனாள்.