ஒரே உயரத்தில் இரண்டு சம்மனசுகள்

2004 ஓகஸ்ட் மாதம், நாரந்தனையில் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயத்தின் பெருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்துக்கு ஒன்பது பிள்ளைகள் செட்டை என்ற சிறகுகள் கட்டி, சம்மனசு என்ற தேவதூதர் வேடம் போடுவதாக இருந்தது.

உயரம் குறைந்தவர்கள் முன்னால், கூடியவர்கள் பின்னால். அதுதான் அங்கே வழக்கம். பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்திப் பார்த்தாலே வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான ஜெயந்தாவின் அக்கா ஜெனீற்றா அப்போது யாழ்ப்பாணம் போய்வந்து ஜாவா என்ற கணினி மொழி படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் புதுக் கணினியும் இருந்தது.

“ஒன்பது பிள்ளையளை நிரையில விட உனக்குக் கொம்பியூட்டர் வேணுமோ?” என்று கேட்டார் அம்மா யோகம்மா. செட்டைகள் வெட்டுவது அவருடைய வேலை.

“பாருங்கோ அம்மா. ஒவ்வொரு பிள்ளையும் இதுக்குள்ள ஒரு பொருள். பேரும் உயரமும் அதோட இருக்கும். இந்த வரிசைத் தொகுதிக்குள்ள எப்பிடிப் போட்டாலும் தானாகவே உயரத்தின்படி நிக்கும். ஒரே ஆள் ரெண்டு தரம் வரவும் ஏலாது.”

திரையில் பெயர்கள் வந்தன. அம்மா அதைப் பார்த்துப் பார்த்துச் செட்டை வெட்டினார்.

அடுத்த நாள் பின்னேரம் பிள்ளைகள் அளவு பார்க்க வந்தார்கள். அம்மா பெயர் கூப்பிட்டார். எல்லாருக்கும் செட்டை கிடைத்தது, றோஸுக்கு மட்டும் இல்லை. மன்னாரில் இருந்துவிட்டு அந்த வருடம்தான் ஊர் திரும்பிய குடும்பம் அவளுடையது. அவள் வாசல் படலையை நோக்கி நடந்தாள்.

ஜெயந்தா பின்னாலேயே ஓடினாள். “எங்கையடி போறாய்?”

“வீட்டை. நாங்கள் இப்பதானே வந்தனாங்கள். அதுதான் என்னைச் சேர்க்கேல்லையாக்கும்.”

“விசர்க்கதை கதையாதை. வா உள்ளுக்கு.”

அக்கா கணினியைத் திறந்து பார்த்தாள். “றோஸ், 128 சென்ரிமீற்றர். நான் அடிச்சனான்தான். ஆனா வரிசையில வரேல்லை. கொம்பியூட்டர் பிழை விடாது.”

“அப்ப றோஸோ பிழை விட்டவள்?” என்றாள் ஜெயந்தா. “அவளை முதலாவதாப் போட்டுப் பாருங்கோ.”

அக்கா அப்படியே செய்தாள். திரையில் றோஸின் பெயர் வந்தது. றோஸ் கைதட்டினாள். ஜெயந்தா திரையை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ர பேர் எங்க?”

“ஜெயந்தா மோட்சத்துக்குப் போயிட்டாள்!” என்று கத்தினான் அடுத்த வீட்டு மிரோஜன். எல்லோரும் சிரித்தார்கள். றோஸ் சிரிக்கவில்லை.

“என்னை எடுத்துவிடுங்கோ அக்கா. அது ஜெயந்தாவின்ர இடம்.”

“பேசாமல் நில்லடி,” என்றாள் ஜெயந்தா. றோஸைத் திருப்பி, முதுகோடு முதுகு ஒட்டி நின்றாள். “மிரோஜன், அடிமட்டத்தை ரெண்டு தலையிலும் வை.”

மிரோஜன் வைத்த அளவுகோல் ஒரு பக்கமும் சாயவில்லை.

“அக்கா, நான் இருந்தால் இவள் இல்லை. இவள் இருந்தால் நான் இல்லை. கொம்பியூட்டர் உயரத்தை மட்டுந்தான் பாக்குது. உயரம் ஒண்டெண்டா ஒரே ஆள் எண்டு நினைச்சு, பிந்தி வாறவளை உள்ளுக்கு விடுதில்லை!”

அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டாள். “உயரத்தை மட்டும் பார் எண்டு சொன்னதே நான்தான்.”

“அப்ப உயரம் ஒண்டாயிருந்தால் பேரையும் பாக்கச் சொல்லுங்கோ.”

அக்கா இரண்டு வரி சேர்த்தாள். ஒன்பது பெயர்களும் வந்தன. ஜெயந்தா நான்காவது, றோஸ் ஐந்தாவது.

“எல்லாஞ் சரி. செட்டை எட்டுச் சோடிதான் கிடக்கு,” என்றார் அம்மா. “மட்டையும் முடிஞ்சுது.”

கணினி வந்த அட்டைப்பெட்டியை அக்கா பத்திரமாக வைத்திருந்தாள். ஒரு பெருமூச்சு விட்டு, அதை எடுத்து வந்து அம்மாவின் கத்தரிக்கோலுக்கு முன்னால் வைத்தாள்.

பெருநாளன்று ஒன்பது சம்மனசுகளும் ஊர்வலமாக வந்த சொரூபத்துக்கு முன்னால் நடந்தார்கள். வெள்ளைக் கடதாசி ஒட்டியிருந்தும், றோஸின் இடது செட்டையில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று மங்கலாகத் தெரிந்தது.