மாமியார் கோமாவில் விழுந்த விவகாரம்

தமிழ்ப் பெருங்குடி மக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது: வரும் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ‘மஞ்சள் பூசிய மௌனம்’ தொடர் தன் ஆயிரமாவது எபிசோடை எட்டுகிறது. முதல் எபிசோடில் மருமகள் அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆயிரத்தையும் எழுதியவர் திண்டிவனம் நெடுஞ்செழியன். திரைக்கதைத் திலகம் என்பது அவர் பட்டம், அச்சடித்ததும் அவரே. புதன்கிழமை காலை அவர் விழுப்புரம் வந்து சக்கரபாணியின் வீட்டில் உட்கார்ந்தபோது, திலகம் சற்றே அழிந்திருந்தது.

சக்கரபாணி ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். கழிவறையில் ஒளிந்த பயணிகளை முப்பது வருடம் குரல் உயர்த்தாமல் வெளியே வரவழைத்தவர். ஓய்வுக்குப் பிறகு ஊரார் சிக்கல்களை அதே முறையில் பார்த்துவந்தார். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கலைமதி அவருக்கு உதவி. சிக்கல் ஒன்று படியேறினால் கடை ஷட்டர் தானாக இறங்கிவிடும்.

சிக்கல் இதுதான். யூடியூபில் ‘ஒன்றரை மணி’ என்று ஒரு சேனல். முகம் கிடையாது, ஒரு பெண் குரல் மட்டும். ஒவ்வொரு திங்கள் காலையும் அந்த வாரம் சீரியலில் நடக்கப்போவதைச் சொல்லிவிடுகிறது. எட்டு வாரமாகச் சொன்னதெல்லாம் நடந்தது. ஆயிரமாவது எபிசோடை மட்டும் வெள்ளி காலை சொல்வதாக அறிவித்திருக்கிறது. கதை எப்படி வெளியே போகிறது என்று வியாழன் மாலை ஐந்து மணிக்குள் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரத்து ஒன்றிலிருந்து வேறு ஆள் எழுதுவார் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

“பெருமுக்கல் திருவிழாவுக்கு நாடகம் எழுதிக்கினு இருந்தவன் சார் நான். பதினெட்டு வருஷம், ஆறு சீரியல். இதுவும் போச்சுன்னா ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.” நெடுஞ்செழியன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். போலீஸ் புகார். உதவி எழுத்தாளர் ரஞ்சித்தின் பெயர் அதில் தயாராக இருந்தது. கையால் எழுதிய தாள்களைப் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறவன் அவன்தான். அவனும் ஒரு சீரியல் எழுத ஆசைப்படுகிறான். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்பது திலகத்தின் வாதம்.

சக்கரபாணி புகாரைத் தொடவில்லை. தாள்களைக் கேட்டார். ஒவ்வொரு காட்சியின் தலையிலும் கிழமை, தேதி, மணி எல்லாம் குறித்திருந்தது.

“இது எதுக்கு?”

“நாளைக்கு யாராச்சும் ஆராய்ச்சி பண்ணுவாங்க இல்லியா,” என்றார் நெடுஞ்செழியன்.

கலைமதி இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

அவர் போனபிறகு இருவரும் எட்டு வீடியோவையும் கேட்டார்கள். குரலுக்குப் பின்னால் விடாமல் ஒரு கடகட சத்தம். பழைய ஃபேன் என்றாள் கலைமதி. ஐந்தாவது வாரத்தில் மட்டும் அந்தப் பெண், இந்த வாரம் ஒன்றும் தெரியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று முடித்திருந்தாள். அந்த வாரத் தாள்களும் வழக்கம்போலச் சென்னைக்குப் போயிருந்தன.

“ஒருவேள அன்னிக்கு ரஞ்சித்துக்கு லீவோ என்னமோ சார்.”

“லீவுன்னா சென்னைக்கு அனுப்புனது யாரு?” என்றவர், அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நாளிதழைத் தேடச் சொன்னார். தலைப்புச் செய்தியைப் பார்க்கவில்லை. உள்பக்கத்தில் இன்று மின்தடை என்ற சின்னக் கட்டத்தில் ஊர்ப்பெயர்களை விரல் வைத்துப் படித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். எங்கே என்று கேட்ட கலைமதியைக் கடையைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் மாலை நான்கு மணிக்குத் திண்டிவனத்தில் நெடுஞ்செழியனின் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். ரஞ்சித் கதவருகே நின்றான். காலடியில் பை. புகார் போய்விட்டால் எந்தக் கம்பெனியும் அவனை வாசலில் விடாது என்பது அவனுக்குத் தெரியும். நெடுஞ்செழியன் அவனைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெண்ணிலா டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“போன வாரம் மாமியாரு கோமாவுக்குப் போனாங்களே, அந்த சீன் எப்ப எழுதுனீங்க?” என்று தொடங்கினார் சக்கரபாணி.

“செவ்வாய், மாலை நாலு பத்து. தாள்லயே இருக்கு.”

“சேனல்ல வந்தது அதுக்கு முந்தின நாள், திங்கக்கெழம காலைல பத்து மணிக்கு. எழுதாத தாள ரஞ்சித் எப்படிங்க திருட முடியும்?”

கரு தன் உள்ளத்தில் முன்பே உருவாகியிருந்ததாக நெடுஞ்செழியன் சொல்லத் தொடங்கினார். வெண்ணிலா இடைமறித்தாள்.

“உள்ளமும் இல்ல, ஒன்னும் இல்ல. திங்கக்கெழம மதியம் கம்பெனிலேர்ந்து போன் வந்துச்சு, மாமியாரா நடிக்கிறவங்க இனிமே ஷூட்டிங்குக்கு டேட் குடுக்க மாட்டாங்கன்னு. அதுக்கப்புறம்தான் இவரு கோமாவத் தேட ஆரம்பிச்சாரு. ராத்திரி பூரா என்னைத் தூங்க விடல.”

நெடுஞ்செழியன் விடவில்லை. அப்படியானால் கம்பெனியில் ஒருவன்தான் திருடன் என்றார்.

“அதையும் பாத்தேன்,” என்றார் சக்கரபாணி. “அஞ்சாவது வாரம் அந்தம்மாவுக்கு ஒன்னும் தெரியல. அதுக்கு முந்தின வெள்ளிக்கெழம இங்க பக்கத்துல ஒலக்கூர்ல நாள் பூரா மின்தடை. திண்டிவனத்துல கரண்ட் இருந்துச்சு, சென்னையிலயும் இருந்துச்சு. ஒலக்கூர்ல சீரியல் பாக்க முடியல, அடுத்த வாரக் கதை தெரியல. கதையத் திருடுறவங்க சீரியலப் பாத்தாத்தான் திருட முடியுமா?”

கலைமதிக்கு அப்போதுதான் விளங்கியது. “அந்த கடகட சத்தம் ஃபேன் இல்ல சார். மல்லாட்டை உடைக்கிற மிஷின்.” அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.

“பேப்பர்ல போட்டிருந்த ஊர்ல ஒலக்கூர் பக்கம்தான் அந்த மாதிரி கொட்டாய் இருக்கு, மூணு. ரெண்டாவதுலயே குரல் கேட்டுடுச்சு.”

வாசலில் காத்திருந்த பெண்ணை அவர் உள்ளே அழைத்தார். ஐம்பது வயதிருக்கும். தலைமுடியில் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்தது. பெயர் குப்பம்மாள். கொட்டாயில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய டிவி ஒன்று ஓடும். திங்கள் காலை உடன் வேலை செய்கிற பெண் ஒருத்தி இவள் பேச்சைப் போனில் பிடித்து யூடியூபில் போடுவாள். ஓனர் பார்த்தால் போனைப் பிடுங்கிவிடுவார், அதனால் முகம் இல்லை. மின்தடை வெள்ளியன்று மிஷின் ஓடவில்லை. எல்லோரும் களை எடுக்கப் போய்விட்டார்கள்.

“யாரும்மா உனக்குக் கதை சொல்றது?” என்று கேட்டார் நெடுஞ்செழியன்.

“யாரு சொல்லணும்ங்க? வெள்ளிக்கெழம கடைசில யாரு மூஞ்சிய மூணு தபா காட்டுறாங்களோ, அடுத்த வாரம் அவங்களுக்குத்தான் பேஜாரு. அன்னிக்கு மாமியாரக் காட்டுனாங்க. அந்தம்மா வேற சேனல்ல சமையல் பண்ணிக்கினு இருக்குது. ரெண்டு எடத்துல எப்படிங்க நிக்கும்? இங்க படுக்கத்தான் வைக்கணும்.” சற்று யோசித்து, மரியாதையாகச் சேர்த்தாள். “அந்த மருமவளா நடிக்கிற பொண்ணும் மாசமா இருக்குதுபோல. எப்பப் பாரு தலகாணியக் கட்டிப் புடிச்சிக்கினுதான் அழுவுது. சீக்கிரம் ஃபாரின் அனுப்பிடுங்க.”

ரஞ்சித் சுவர்ப் பக்கம் திரும்பினான். தோள்கள் குலுங்கின, அழுகையா சிரிப்பா என்று யாரும் விசாரிக்கவில்லை.

மணி ஐந்து. போன் அடித்தது.

நெடுஞ்செழியன் ஒரு கையில் புகாரையும் மறுகையில் போனையும் வைத்துக்கொண்டு நின்றார். ரஞ்சித் பெயரைச் சொன்னால் வேலை தங்கும், திலகமும் தங்கும். நாலாவது முறை அடித்ததும் எடுத்தார். ரஞ்சித்தின் பையைப் பார்த்தார்.

“சார், யாரும் லீக் பண்ணல.” புகாரைக் கீழே இறக்கினார். “நான் எழுதுறதுக்கு முன்னாடியே ஜனங்களுக்குத் தெரிஞ்சிடுது சார்.”

மறுமுனையில் நீண்ட மௌனம், மஞ்சள் பூசாதது. பிறகு அந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தயாரிப்பாளர் கேட்டார். நாற்பதாயிரம் என்று கலைமதி சைகை காட்ட, இவர் சொன்னார்.

“தெரிஞ்சும் பாக்குறாங்களா? அப்ப எதுக்குய்யா மாத்தணும்? நீயே எழுது.”

வேலை தங்கியது. பதினெட்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய அவமானமும் அதுதான். நெடுஞ்செழியன் புகாரை நாலாகக் கிழித்து டீ டம்ளரில் போட்டார். ரஞ்சித் பையை மூலையில் வைத்தான்.

குப்பம்மாள் கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “நாளைக்கு என்னம்மா நடக்கும்?”

“மாமியாரு வெரல மட்டும் ஆட்டும். வெரலுக்கு டேட் வேணாம் பாருங்க, யாரு வெரலா இருந்தாலும் ஆவும்.”

மேஜையிலிருந்த ஆயிரமாவது எபிசோடின் கடைசித் தாளை ரஞ்சித் எடுத்து வாய்விட்டுப் படித்தான். “ஆஸ்பத்திரி. பகல். விரல் அசைகிறது. மூன்று முறை.”

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு விரல் அசைந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்று ஒலக்கூரில் கரண்ட் இல்லை.