ஐந்தாவது வரி

திரையில் நான்கு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். குளிர்கிடங்கின் முதல் மூன்று அறைகளுக்கு மூன்று வரி, மோட்டார் அறைக்கு ஒன்று. நாலாம் அறையைச் சீல் வைக்கும் முன் அங்கிருந்த சென்சாரை அவன் கையாலேயே கழற்றி, ஃபைலிலிருந்தும் அந்தப் பத்தியை அழித்திருந்தான். கணக்குப்படி நாலே நாலு. ஐந்தாவது வரிக்குப் பெயர் இல்லை. எண் மட்டும்: 36.8.

மூட்டை தூக்குகிறவர்கள் அவனை போர்டுக்காரர் என்பார்கள். குளிரை இயக்கும் கட்டுப்பாட்டு போர்டில் எந்த முகவரியில் எந்த சென்சார் இருக்கிறது, அது எத்தனை டிகிரி காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று ஃபைலில் எழுதிவைப்பது அவன் வேலை. போர்டு உயிர் பெறும்போது உள்ளே இருக்கும் கர்னல் என்ற நிரல் அதைப் படித்துக்கொள்ளும். கர்னலுக்குக் கண் கிடையாது. எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பும். அறை சூடாகிறது என்று நம்பினால் காந்தப் பூட்டைப் போட்டு, குளிரை முழு வேகத்தில் ஊதும். கதவைத் திறந்துபோட்டுவிட்டு பீடி பிடிக்கப் போகிறார்களே என்ற எரிச்சலில் அவன்தான் அப்படி எழுதியிருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன் புது போர்டு மாட்டிய அன்று, பழைய ஃபைலை அப்படியே காப்பி அடித்தான். புது போர்டில் இரண்டு முகவரிகள் இடம் மாறியிருந்ததைப் பார்க்கவில்லை. நாற்பது டிகிரியில் கொதிக்கும் மோட்டார் அறையின் சூட்டை, நாலாம் அறையின் சூடு என்று கர்னல் நம்பியது. கதவைச் சாத்தி விடிய விடிய ஊதியது. உள்ளே மூட்டை தூக்கும் நெட்டை இருந்தான். அந்த உயரத்துக்கு அவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? காலையில் கதவைத் திறந்து விறைத்துக் கிடந்த பிணத்தைக் கண்டவர் போர்டுக்காரரின் அக்கா புருஷன், மேஸ்திரி.

விசாரணை அதிகாரி வருவதற்குள் அவன் இரண்டு எண்களை மாற்றி எழுதிவிட்டான். நெட்டை குடித்துவிட்டு உள்ளே படுத்துக்கொண்டான் என்று மச்சான் சாட்சி சொன்னார். விசாரணைக் கோப்பு இன்று நாலு மணிக்கு முடிகிறது. அதிகாரி வந்து ஃபைலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டால் தீர்ந்தது.

மணி இரண்டரை. 36.4.

போர்டு அறை மோட்டார் அறைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் தகரப் பொந்து. எண்ணெயும் கருகிய தூசியும் கலந்த வாடை, சுவர் வழியே பல்லுக்குள் இறங்கும் அந்த ஓயாத உறுமல், முதுகோடு ஒட்டிய சட்டை. அவன் ஃபைலை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். ஐந்தாவதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. போர்டை அணைத்துப் போட்டான். வரி திரும்பி வந்தது. சென்சார் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மற்ற நாலும் செத்தன. அது மட்டும் நின்றது. 35.7.

இது அறையின் சூடு இல்லை, ஆளின் சூடு என்று அப்போதுதான் உறைத்தது. மச்சானுக்கு போன் போட்டு, நாலாம் அறையில் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று கேட்டான்.

"சீல் வச்ச ரூம்ல எவன் போய் மாட்டுவான்? சோறு ஜாஸ்தியாப் போச்சா மாப்ள?"

கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினான். செருப்புச் சத்தம் போனது, நின்றது. காலிப் பெட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை என்றார். பிறகு குரலைத் தணித்தார்.

"அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத. அதான் குடிச்சிருந்தான்னு நான் சொல்லிட்டேன்ல."

"அவன் குடிக்க மாட்டான் மச்சான்."

"அது எனக்குத் தெரியாதா?"

போனை வைத்தான். நாலாம் அறை காலி. யாரும் சாகவில்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டான்.

மூச்சு வெள்ளையாக வந்தது.

இன்னொரு முறை விட்டுப் பார்த்தான். வாயிலிருந்து புகை மாதிரி எழும்பி, திரைக்கு முன்னால் கொஞ்சம் நின்று கலைந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் மோட்டார் உறுமிக்கொண்டுதான் இருந்தது. தகரத்தைத் தொட்டான். சுட்டது. முதுகில் வியர்வை வழிந்தது. ஆனால் விரல் நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன.

34.1.

எழுந்து கதவுக்குப் போனான். டக் என்று காந்தம் பிடித்தது. அந்தக் கதவைப் பற்றி அவன் ஃபைலில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

திரும்ப வந்து உட்கார்ந்தான். அதிகாரிக்கு எழுதிவிடலாம். தப்பு என்னுடையது, முகவரியை மாற்றி எழுதியவன் நான். அவ்வளவுதான். இரண்டு வரி. விரல்கள் மடங்கவில்லை. மடங்கிய ஒன்று நிமிரவில்லை. மணிக்கட்டால் விசையை அமுக்கினான். ஒரே எழுத்து திரை முழுக்க ஓடியது.

32.0.

நடுக்கம் நின்றுவிட்டது. அது நல்லதுக்கில்லை. பிறகு புழுங்கியது. உள்ளுக்குள்ளிருந்து, அடுப்பை விழுங்கினது போல. குளிர் முற்றிவிட்டால் ஆளுக்கு அப்படித்தான் புழுங்குமாம், துணியைக் கழற்றி எறிவார்களாம். நெட்டையை அந்தக் கோலத்தில் கண்ட பிறகு மச்சான் சொன்னது.

அவன் சட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

கதவுக் கண்ணாடியில் ஒரு முகம். மச்சான். வெயிலில் வந்த வேர்வை. ஏதோ கத்தினார். கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். போயிடுங்க என்று சொல்ல நாக்கு எழவில்லை.

29.3.

அதற்குக் கீழே, ஓசையில்லாமல், புதிதாக ஒரு வரி. பெயர் இல்லை.

36.8.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், மச்சானின் வாயிலிருந்து முதல் வெள்ளைப் புகை எழும்பியது.